பில் கேம்பல் யாருக்குப் பங்காளி?

2016 ஏப்ரல் 18 அன்று பில் கேம்பல் தமது 75ஆவது வயதில் இறந்தார். கலிஃபோர்னியாவின் ஆதர்ட்டன் ஊரில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ், லாரி பேஜ், எரிக் ஷ்மிட் என்று சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய தலைகள் தங்கள் குழப்பங்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அவர். மூன்றாண்டு கழித்து, 2019இல், ஷ்மிட்டும் ஜொனாதன் ரோசன்பெர்க்கும் ஆலன் ஈகிளும் சேர்ந்து ‘டிரில்லியன் டாலர் கோச்’ என்ற புத்தகத்தை அவர் நினைவாக எழுதினார்கள். எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் பற்றிக் கார்ப்பரேட் வட்டாரத்தில் பேச்செடுத்தால் அந்தப் புத்தகம் சீக்கிரமே மேசைக்கு வந்துவிடும். (நீட் கோச்சிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலாளருக்கும் தலைமை நிர்வாகிக்கும் எதிரே தனியாக உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டே அவர்களை யோசிக்கவைக்கும் தொழில் இது.)

கேம்பல் பெரிய கோச் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தத் தொழிலின் அறத்துக்கு அவரை முன்மாதிரியாக நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி. கோச்சிங் இன்று சிறிய தொழில் அல்ல. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் 1,09,200 கோச்சுகள் இருந்தார்கள். ஆண்டு வருவாய் 456 கோடி டாலர். 2019இல் இதே கூட்டமைப்பு போட்ட கணக்கில் 71,000 பேர்தான். இவ்வளவு வேகமாக வளரும் தொழில் யாரைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிடுகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் அவருக்குச் சேரவேண்டிய பெருமையைக் குறைவின்றிக் கொடுத்துவிடலாம். பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் என்ற எஃகு ஆலை ஊரில் பிறந்தவர் கேம்பல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1961இல் ஐவி லீக் பட்டம் வென்ற அதன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்தார். பிற்பாடு அதே அணிக்கு 1974 முதல் 1979 வரை தலைமைப் பயிற்சியாளர். அங்கே அவர் கண்டது 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு சமன். மைதானத்துக்கு வேண்டிய கல்நெஞ்சு தம்மிடம் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டாராம். தோற்ற பயிற்சியாளர் நாற்பது வயதை ஒட்டி விளம்பரத் துறைக்குப் போய், அங்கிருந்து கோடாக் கம்பெனிக்குப் போய், 1983இல் ஆப்பிளுக்கு வந்தார். 1994இல் இன்ட்யூட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆனார். பிறகு அதன் சேர்மன். 1997 முதல் 2014 வரை ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். 2001இல் முதலீட்டாளர் ஜான் டோர் அவரைக் கூகுளுக்கு அழைத்துப்போனார். எனக்கு எதற்குக் கோச் என்று முதலில் முறுக்கிக்கொண்ட கூகுளின் தலைமை நிர்வாகி ஷ்மிட், பிறகு அவரை விடவேயில்லை.

கேம்பல் என்ன செய்தார்? புத்தகம் சொல்வதைப் பார்த்தால் வேலை எளிமையானது போலத்தான் தெரிகிறது. எதிரே இருப்பவர் பேசுவதை முழுக் கவனத்தோடு கேட்பார். இதைச் செய் என்று கட்டளையிடாமல் ஒரு கதை சொல்வார். முடிவை அவர்களே கண்டடையட்டும் என்று விடுவார். வாரக் கூட்டத்தை வேலைக் கணக்கோடு தொடங்காமல், வார இறுதியில் யார் எங்கே போனீர்கள், பிள்ளைகள் எப்படி என்ற பேச்சோடு தொடங்கச் சொல்வார். கட்டிப்பிடிப்பார், வாய் கூசாமல் திட்டுவார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் அவரிடம் போய் உட்கார்ந்தவர்தான். திங்கட்கிழமை பார்க்கும்போதெல்லாம், போன வாரம் எந்த இழுபறிக்கு முடிவு கட்டினாய் என்று கேம்பல் கேட்பார் என்று பிச்சை சொல்லியிருக்கிறார். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதுதான் மேலாளரின் பெரிய நோய் என்று தெரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. பதில் பிச்சையுடையது, கேள்வி மட்டும் கேம்பலுடையது. கோச்சிங்கில் பங்காளித்தனம் என்று பேசப்படும் எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

கூகுளிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை என்கிறது புத்தகம். அதை வாசிக்கும்போது நம் தலை தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

இனிச் சாட்சிகளுக்கு வருவோம். நூலாசிரியர்கள் எண்பது பேருக்கு மேல் பேட்டி கண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கேம்பலிடம் பயன்பெற்றவர்கள், அவரால் மேலே வந்தவர்கள், அவரோடு பழகியவர்கள். எழுதியவர்களும் அப்படித்தான். சீடர்கள் கூடி எழுதிய குருசரிதம் இது. அதற்குரிய நெகிழ்ச்சியும் அதற்குரிய குருட்டுத்தனமும் இதில் இருக்கின்றன. ஒரு கோச் நல்லவரா என்று கோச்சிங் பெற்றவரை மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். கோச்சிங் பெற்றவர் எடுத்த முடிவுகளின் கீழே வாழ்ந்தவர்களையும் கேட்டாக வேண்டும். அவர்களைப் பற்றிய ஆவணம் ஒன்று இருக்கிறது. அது சான் ஹோசே நகரின் நீதிமன்றத்தில் இருக்கிறது.

2005 பிப்ரவரியில், ஆப்பிளின் பிரௌசர் அணியிலிருந்து கூகுள் ஆள் எடுக்கப் பார்க்கிறது என்ற கோபத்தில் ஜாப்ஸ் கூகுளின் செர்கே பிரின்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரே ஒருவரை எடுத்தாலும் போர்தான் என்று மிரட்டியதாகப் பிரின் தம் சகாக்களுக்கு எழுதிய மின்னஞ்சலில் இருக்கிறது. அதே மாதம் கேம்பல் ஜாப்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஷ்மிட் தாமே நேரடியாகத் தலையிட்டு, ஆப்பிளிலிருந்து ஆள் எடுக்கும் முயற்சிகளை எல்லாம் உறுதியாக நிறுத்திவிட்டதாகத் தம்மிடம் சொன்னார் என்பது அதன் சாரம். ஆப்பிளின் இயக்குநர், கூகுளின் கோச், இன்ட்யூட்டின் சேர்மன் ஆகிய மூன்று நாற்காலிகளிலும் அன்று உட்கார்ந்திருந்தவர் ஒரே மனிதர்தான்.

பிறகு நடந்ததை அமெரிக்க நீதித் துறை 2010 செப்டம்பரில் தொடுத்த வழக்கிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அடோபி, ஆப்பிள், கூகுள், இன்டெல், இன்ட்யூட், பிக்ஸார் ஆகிய ஆறு நிறுவனங்களுக்கு இடையே இரண்டிரண்டாக ஒப்பந்தங்கள் இருந்தன. ஒருவர் ஊழியரை மற்றவர் வலியப் போய் வேலைக்கு அழைக்கக் கூடாது. கூகுள்–இன்ட்யூட் ஒப்பந்தம் 2007 ஜூனுக்குள்ளேயே நடப்பில் இருந்ததாக நீதித் துறை கூறியது. பொறியாளர் ஒருவருக்கு இன்னொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால், அவர் போகாவிட்டால்கூடத் தம் சந்தை விலை என்ன என்று அவருக்குத் தெரியவரும், மேலாளரிடம் போய்க் கேட்பார், சம்பளம் ஏறும், பக்கத்து மேசைக்காரரின் சம்பளமும் ஏறும். அழைப்பை நிறுத்தினால் இந்தச் சங்கிலி முழுவதும் நின்றுபோகும். சம்பந்தப்பட்டவருக்கு அது நின்றதே தெரியாது. வராத தொலைபேசி அழைப்பைப் பற்றி யாரும் புகார் கொடுக்க முடியாது அல்லவா?

2007 மார்ச்சில் கூகுளின் ஆட்சேர்ப்பு ஊழியர் ஒருவர் விவரம் தெரியாமல் ஆப்பிள் பொறியாளர் ஒருவரைத் தொடர்புகொண்டார். ஜாப்ஸ் ஷ்மிட்டுக்கு எழுதினார். அந்த ஊழியரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைவிட்டு நீக்குவதாகக் கூகுளின் பக்கத்திலிருந்து தகவல் போனது. அதற்கு ஜாப்ஸின் எதிர்வினை ஒரு சிரிப்புக் குறி. வழக்கின் ஆவணங்களில் நான் மறக்க முடியாத இடம் இதுதான். தம் வேலையைச் செய்ததற்காக ஒருவர் வேலை இழந்த அந்தச் சேதி, மேலே இரண்டு பெரியவர்களின் நட்பைச் சீராக வைத்துக்கொள்ள உதவியது.

நீதித் துறையுடனான வழக்கு, இனி இப்படிச் செய்வதில்லை என்ற உடன்பாட்டில் முடிந்தது. ஊழியர்கள் 2011இல் தொடங்கிய கூட்டு வழக்கு நீண்டது. ஏறத்தாழ 64,000 தொழில்நுட்ப ஊழியர்கள். இழப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்பது அவர்கள் தரப்புக் கணக்கு. 32.45 கோடி டாலருக்குப் பேசி முடித்த சமரசத்தை, அது போதாது என்று 2014 ஆகஸ்ட் 8 அன்று நீதிபதி லூசி கோ ஏற்க மறுத்தார். எந்தெந்தச் சாட்சியங்கள் வலுவானவை என்று விவரித்த அந்த உத்தரவில் ஜாப்ஸும் ஷ்மிட்டும் வருகிறார்கள். அவர் வகித்த மூன்று பொறுப்புகளோடு கேம்பலும் வருகிறார். கடைசியில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் சேர்ந்து 41.5 கோடி டாலர் தருவதாக முடிந்தது. வக்கீல் கட்டணம் கழிப்பதற்கு முன் ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் டாலர். நிறுவனங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை.

நியாயம் பார்க்கையில் மறுபக்கத்தையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். கேம்பல் அந்த வழக்கில் பிரதிவாதி இல்லை. அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்த மின்னஞ்சலை அவர் கோச் என்ற முறையில் அனுப்பவில்லை, ஆப்பிளின் இயக்குநராக அனுப்பினார் என்றும் வாதிடலாம். முதல் இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். மூன்றாவது வாதத்தை ஏற்க முடியவில்லை; பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. ஷ்மிட் அந்தச் சேதியைக் கேம்பலிடம் சொல்லும்போது யாரிடம் சொன்னார்? தம் கோச்சிடமா, போட்டிக் கம்பெனியின் இயக்குநரிடமா? சொன்னவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது. கேம்பலுக்கும் தெரிந்திருக்காது. பல நாற்காலிகளில் ஒருவரே உட்காரும்போது, எந்த வார்த்தை எந்த நாற்காலிக்கு உரியது என்ற வேறுபாடு அழிந்துபோகிறது. நம்பிக்கை என்ற உறைக்குள் எல்லாவற்றையும் போடச் சொல்லும் இயல் ஒன்று புத்தகத்தில் உண்டு. நீதிமன்றத்தில் அந்த உறை பிரிக்கப்பட்டது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கோச்சிடம் சொல்வதற்குக் கிடையாது என்பதைப் பலர் அறியாமலே மனம் திறக்கிறார்கள்.

சம்பளம் வாங்காத விஷயத்தையும் இந்த இடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். காசு வாங்காதவரைச் சந்தேகிக்க நமக்கு மனம் வருவதில்லை. நம் ஊர்ச் சபாக்களிலும் சங்கங்களிலும் ‘கௌரவ’ என்ற முன்னொட்டோடு முப்பது ஆண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் கணக்குக் கேட்க நாம் கூச்சப்படுவதும் இதனால்தான். ஆனால் கூலி வாங்காததால் ஒருவருக்கு நலன் இல்லை என்று ஆகிவிடாது. ஆப்பிளின் இயக்குநர் பொறுப்பும் இன்ட்யூட்டின் சேர்மன் பொறுப்பும் கேம்பலின் நலன்கள்தாம். கூலி இருந்திருந்தால் ஒரு ஒப்பந்தம் இருந்திருக்கும். ஒப்பந்தம் இருந்திருந்தால் வேறு யாருக்கெல்லாம் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்ற வரி அதில் இருந்திருக்க வாய்ப்புண்டு. இலவசம் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

இதற்கு நேரெதிரான முனையில் நிற்பது ஐசிஎஃப்பின் அறநெறிக் கோவை. 1995இல் தாமஸ் லெனார்ட் தொடங்கிய அமைப்பு அது. வாடிக்கையாளரோடு பங்காளியாக நின்று, அவருடைய ஆற்றல் முழுமையாக வெளிப்படத் தூண்டுவது என்று கோச்சிங்குக்கு அது இலக்கணம் சொல்கிறது. சான்றிதழுக்கு மூன்று படிகள்: முதல் படிக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும், உச்சிப் படிக்கு 200 மணி நேரப் பயிற்சியும் 2,500 மணி நேர அனுபவமும். அறநெறிக் கோவை பிறகு 2025இலும் திருத்தப்பட்டது என்றாலும், நான் இங்கே எடுத்துக்கொள்வது 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வடிவம். அதில் 28 விதிகள். வாடிக்கையாளரும் பணம் கொடுக்கும் நிறுவனமும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் யாருக்கு எந்தத் தகவல் போகும் என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். நலன்கள் மோதும் இடத்தை மறைக்கக் கூடாது. வாடிக்கையாளர் எந்தக் கட்டத்திலும் விலகலாம். வாசிக்கச் சுவாரசியமே இல்லாத வரிகள். ஆனால் கேம்பலின் மூன்று நாற்காலிகள் இந்த வரிகளைத் தாண்டி வந்திருக்க முடியாது. கட்டிப்பிடிப்பவரைவிட எழுதி வாங்குபவர் சில சமயம் மேலானவர்.

கோவையின் பலவீனமும் வெளிப்படையானது. ஐசிஎஃப் தனியார் அமைப்பு. விதி மீறினால் அதிகபட்சம் உறுப்பினர் தகுதியும் சான்றிதழும் போகும். தொழில் போகாது, ஏனென்றால் கோச் என்று பலகை மாட்ட அமெரிக்காவிலும் இந்தியாவிலும் எந்த உரிமமும் வேண்டியதில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 28 விதிகளில் பெரும்பாலானவை கோச், வாடிக்கையாளர், பணம் கொடுப்பவர், தொழில் ஆகிய நான்கைச் சுற்றியே வருகின்றன. சமூகத்தின் மீது தமக்கும் தம் வாடிக்கையாளருக்கும் உள்ள தாக்கத்தைக் கோச் உணர்ந்திருக்க வேண்டும் என்ற விதி ஒன்று இருக்கிறது. அது இருபத்தெட்டாவது. கடைசி. எப்படி உணர்வது, உணர்ந்த பின் என்ன செய்வது என்பதற்கு அங்கே வழியில்லை.

ஆராய்ச்சியிலும் இதே இடைவெளிதான். கோச்சிங் பலன் தருவதற்கும் கோச்சுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உறவின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று 2020இல் மூன்று ஆய்வாளர்கள் 27 ஆய்வுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்பு உறுதியாக இருக்கிறது. உறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது. இந்த உறவை அளக்கும் முறைக்கு வேர், எட்வர்ட் போர்டின் 1979இல் உளசிகிச்சைக்காக முன்வைத்த கருத்து: இலக்கில் உடன்பாடு, வழிமுறையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. மூன்றையும் கேம்பல்–ஷ்மிட் உறவுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். இலக்கு சரியா, அது யார் தலையில் விடியும் என்று இந்த அளவுகோல் கேட்பதில்லை. கேட்க உருவாக்கப்பட்டதும் இல்லை. ஆனால் உறவின் தரமே கோச்சிங்கின் தரம் என்று சந்தையில் விற்கப்படும்போது, அந்த விடுபடல் பெரிதாகிவிடுகிறது.

அந்த விடுபடலின் கோரமான எல்லையை யூட்டா மாநிலம் பார்த்தது. அங்கே ஜோடி ஹில்டிபிராண்ட் என்ற உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் இருந்தார். வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியிட்டதற்காக 2012இல் அவருடைய உரிமம் கண்காணிப்பின் கீழ் வைக்கப்பட்டது. அவர் லைஃப் கோச்சிங் நிறுவனம் நடத்தினார். குடும்ப வீடியோக்களால் புகழ்பெற்ற ரூபி ஃப்ராங்கி அவரிடம் வந்து, பின்னர் அவருடைய தொழில் கூட்டாளியாகவே ஆனார். இருவருக்கும் இடையே முழு நம்பிக்கை, முழு உடன்பாடு. 2023 ஆகஸ்டில் ஃப்ராங்கியின் பன்னிரண்டு வயது மகன் ஹில்டிபிராண்டின் வீட்டிலிருந்து தப்பிப் பக்கத்து வீட்டில் உதவி கேட்டபோதுதான் உள்ளே நடந்த சித்திரவதை வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் இரண்டு பெண்களுக்கும் தலா நான்கு தொடர் சிறைத் தண்டனைகள். கேம்பலை ஹில்டிபிராண்டோடு ஒப்பிடுவது அநியாயம். நான் மனிதர்களை ஒப்பிடவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் முழுமையாக நம்பி மூடிக்கொண்ட உறவில், அதன் விளைவைச் சுமப்பவர் பேச இடமே இருக்காது என்பது இரண்டு இடத்திலும் பொது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு எனக்குத் தெரிந்தே இருக்கிறது. கோச்சிங்கின் அச்சாணியே வாடிக்கையாளரின் விருப்பம். இலக்கை அவர்தான் வைப்பார். கோச் அந்த இலக்குக்கு ஒழுக்க மதிப்பெண் போடத் தொடங்கினால் பங்காளி உபதேசி ஆகிவிடுவார். மேலாளர்கள் மனம் திறக்க மாட்டார்கள். திறக்காத மனத்தோடு கோச்சிங் நடக்காது. இது நியாயமான அச்சம். 2009இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ 140 கோச்சுகளிடம் கேட்டது. சொந்தப் பிரச்சினைகளுக்காகத் தங்களை அமர்த்தினார்கள் என்று சொன்னவர்கள் 3 சதவீதம். சொந்தப் பிரச்சினையில் உதவியிருக்கிறோம் என்றவர்கள் 76 சதவீதம். மனிதர்கள் இந்த அறையில் திட்டமிட்டதைவிட அதிகமாகத் திறக்கிறார்கள். அங்கே நீதிபதி உட்கார்ந்தால் அது நின்றுபோகும்.

வக்கீலை உதாரணம் காட்டுவதும் வழக்கம். வக்கீலும் தம் கட்சிக்காரருக்காக மட்டும்தானே பேசுகிறார்? ஆம். ஆனால் எதிர்க்கட்சிக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார், நடுவே ஒரு நீதிபதி இருக்கிறார். ஒருதலையாகப் பேசும் உரிமையை அந்த அமைப்பு முழுவதும் சேர்ந்துதான் அவருக்குத் தருகிறது. கூகுளின் தலைமை நிர்வாகிக்கு எதிரே ஆட்சேர்ப்பு ஊழியருக்கு ஒரு கோச் இல்லை. கோச்சிங் மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் வசதி. அதிகாரத்தோடு இன்னும் கொஞ்சம் தெளிவும் துணிவும் சேர்த்துத் தருகிறது. அதனால்தான் வக்கீலுக்குச் செல்லும் சலுகை இங்கே செல்லாது.

உபதேசி ஆகாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்பதுதான் கோச்சின் தொழில். இந்த முடிவின் செலவு யாருடைய கணக்கில் ஏறும், அவர் இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார் என்று கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை. அது இலக்கைப் பறிப்பதில்லை. இலக்கின் முழு உருவத்தைக் காட்டுகிறது. பிச்சையிடம் இழுபறியைப் பற்றிக் கேட்கத் தெரிந்த கேம்பலுக்கு, 2005இல் ஷ்மிட்டிடம் இதைக் கேட்கத் தெரியாமல் இருந்திருக்காது. எஃகு ஆலைத் தொழிலாளிகளின் ஊரிலிருந்து வந்தவர். கேட்டாரா என்பதற்கு வெளியான ஆவணங்களில் தடயமில்லை. கிடைத்த மின்னஞ்சலில், ஜாப்ஸுக்கு நிம்மதி தரும் சேதியை அவர் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும் இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. கைத்திறன் என்ற அளவில் கேம்பலிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது: காது கொடுப்பது, முடிவை எதிராளியிடமே விடுவது, பெரிய மனிதர்களிடம் மெய்யைச் சொல்வது. அறத்தின் அளவில் அவரை முன்மாதிரி ஆக்கக் கூடாது. ஒப்பந்தமில்லாத அன்பு, கணக்கில்லாத பல பொறுப்புகள், மூடிய நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால், நல்ல மனிதர்கூடக் கெட்ட ஏற்பாட்டுக்குத் தூதுவர் ஆகிவிட முடியும் என்பதற்கு அவரே சான்று. ஐசிஎஃப்பின் உப்புச்சப்பில்லாத கோவை அவரைவிட நம்பகமான வழிகாட்டி. ஆனால் அதன் இருபத்தெட்டாவது விதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அதற்குக் கைகால் வைக்காத வரை அதுவும் அறையில் இருப்பவர்களின் பாதுகாப்புப் பத்திரம்தான். ‘டிரில்லியன் டாலர் கோச்’ நன்றிக்கடனாக எழுதப்பட்ட நல்ல புத்தகம், பாடநூல் அல்ல. அதன் முதல் ஆசிரியர், அந்த ஒப்பந்தங்கள் நடப்பில் இருந்த ஆண்டுகளில் கூகுளின் தலைமை நிர்வாகி என்பதை வாசகர் ஒவ்வொரு இயலிலும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் அலுவலகம் உங்களுக்கு ஒரு கோச்சை நியமித்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நல்ல கோச் கிடைப்பது பாக்கியம். முதல் நாளே, உங்களுக்குப் பணம் தருவது யார், நான் சொல்வதில் எது எச்.ஆருக்குப் போகும், வேறு எந்தக் கம்பெனிக்கு நீங்கள் ஆலோசனை சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நல்ல கோச் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். நிர்வாகப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்களிடம் ஒரு கோரிக்கை: அந்தப் புத்தகத்தை வகுப்பில் வைத்தால், நீதிபதி கோவின் 2014 ஆகஸ்ட் உத்தரவையும் கூடவே வையுங்கள். இரண்டும் ஒரே மனிதர்களைப் பற்றியவை. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உத்தரவு பொது ஆவணம்.